லினக்ஸ் கற்க இன்னொரு மடிக்கணினி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் சிங்கப்பூரில் மாணவர்களுக்கான கணினி வகுப்புகளின் விளம்பரங்கள் பெருகி வருவதைக் காண்கிறோம். இணையப் பாதுகாப்பு, மேகக் கணிமை, செயற்கை நுண்ணறிவு என்று வகுப்பின் பெயர் எதுவாக இருந்தாலும், அவற்றுள் பலவற்றுக்கு அடித்தளம், விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸ்தான். அவ்வாறான வகுப்பொன்றில் மகனைச் சேர்க்கச் சென்ற என் அண்டை வீட்டாரிடம், வீட்டில் இருக்கும் 8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி லினக்ஸ் பயிற்சிக்குப் போதாது என்றும், 16 ஜிபி கொண்ட புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினால்தான் பையனால் வகுப்பில் ஈடுகொடுக்க முடியும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறு சில பெற்றோருக்கும் வேறு இடங்களில் இதே அறிவுரை கிடைத்திருக்கிறது. சமூக மன்றத்தில் தொண்டூழியராகக் கணினி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்தச் செலவு தேவையற்றது என்பதைத் தங்கள் நாளிதழின் வாயிலாகப் பெற்றோருக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து லினக்ஸுக்கென்றே இரண்டாவது மடிக்கணினி வாங்குவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகும். வீட்டில் இருக்கும் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணினியை உருவாக்கி, அதில் எடை குறைந்த, அதாவது நினைவகத்தையும் செயலியையும் குறைவாகவே பயன்படுத்தும் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவிக்கொண்டால், தொடக்க நிலை மாணவர் ஒருவர் கற்க வேண்டியவற்றின் பெரும்பகுதியை அதிலேயே கற்றுவிடலாம்.

மெய்நிகர்க் கணினி என்பது மென்பொருளால் ஆன கணினி. விண்டோஸில் மற்றச் செயலிகளைத் திறப்பதுபோலவே அதையும் திறக்கிறோம். அந்தச் சாளரத்துக்குள் தனி நினைவகம், தனி வட்டு, தனி வலையட்டை ஆகியவற்றுடன் இன்னொரு கணினி தொடங்குகிறது. அதனுள் நிறுவப்படும் இயங்குதளம், தான் ஓர் அசல் கணினியில் இருப்பதாகக் கருதியே வேலை செய்கிறது. இது நேற்று முளைத்த உத்தியன்று. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக விஎம்/370 என்னும் அமைப்பை 1972ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. வீட்டுக் கணினிகளில் இது சிரமமின்றி ஓடத் தொடங்கியதோ, 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் இதற்குத் துணைசெய்யும் வசதியைத் தங்கள் சில்லுகளிலேயே சேர்க்கத் தொடங்கிய பிறகுதான். இன்று வீடுகளில் புழங்கும் விண்டோஸ் மடிக்கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வசதி உண்டு. மென்பொருளுக்கும் காசு வேண்டியதில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் வர்ச்சுவல்பாக்ஸ் நெடுங்காலமாக இலவசமாகக் கிடைக்கிறது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024ஆம் ஆண்டில் இலவசமாகிவிட்டது.

அப்படியானால் 16 ஜிபி வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? பயிற்றுநர்கள் தங்கள் கணினியில் வைத்திருக்கும் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் வழக்கமான பதிப்பையே மாணவர்களும் நிறுவ வேண்டும் என்று எண்ணுவதிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு. அந்தப் பதிப்பு க்னோம் என்னும் மேசைத்தளத்துடன் (சாளரங்களையும் பட்டியல்களையும் திரையில் காட்டும் மென்பொருளுடன்) வருகிறது. சாளரங்கள் மிதந்து விரிவதும், நிழல் விழுவதும், ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகக் கலப்பதுமான அதன் அழகெல்லாம் வரைகலைச் சில்லின் உழைப்பை நம்பி உருவாக்கப்பட்டவை. மெய்நிகர்க் கணினிக்கோ அசல் வரைகலைச் சில்லு கிடையாது. முப்பரிமாண முடுக்கம் என்றொரு தேர்வு இருந்தாலும், அது எல்லாக் கணினிகளிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. ஆகவே அலங்கார வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுகிறது; சுட்டியை இழுத்தால் சாளரம் சற்றுப் பொறுத்தே நகர்கிறது; லினக்ஸ் என்றாலே மந்தம் என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய மேசைத்தளங்கள் இந்த அலங்காரங்களை நம்பியிருப்பவை அல்ல. எக்ஸ்எஃப்சிஇயில் நிழல், கலப்பு போன்றவற்றை ஒரே சொடுக்கில் முற்றாக நிறுத்திவிடவும் முடியும். எனவே நினைவகம் குறைவு என்பதற்காக மட்டுமன்றி, மெய்நிகர்க் கணினியின் இயல்புக்கே பொருந்தி வருவதாலும் எடை குறைந்த லினக்ஸ்தான் அங்கு ஏற்றது. 16 ஜிபி கணினி வைத்திருப்பவர் கேட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

8 ஜிபி கணினியில் பங்கீட்டை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். லினக்ஸ் வேகமாக ஓட வேண்டும் என்ற ஆசையில் 6 ஜிபியை அதற்கு ஒதுக்கிவிடுவோர் உண்டு. எஞ்சிய 2 ஜிபியில் விண்டோஸ் மூச்சுத்திணறி, நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டுக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கும். விண்டோஸ் தள்ளாடினால் அதன்மேல் ஓடும் லினக்ஸும் சேர்ந்தே தள்ளாடும். 2 ஜிபி நினைவகம், மையச் செயலியின் உள்பிரிவுகளான கோர்களில் இரண்டு, 25 ஜிபி வட்டு என்பதே நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் அளவு. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்துடன் கூடிய டெபியன் என்னும் லினக்ஸ் வகை, தொடங்கி நிற்கும் நிலையில் ஒரு ஜிபிக்குக் குறைவான நினைவகத்தையே எடுத்துக்கொள்கிறது. மீதமுள்ளது நிரல் எழுதும் திருத்தி, பைத்தான், சிறிய வலைச் சர்வர் ஒன்று ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். நான்கு கோர் உள்ள கணினியில் நான்கையும் லினக்ஸுக்கே எழுதிக்கொடுப்பதும் வேண்டாம். அடியில் விண்டோஸுக்கும் வேலை இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, அது உலாவி. இயங்குதளம் எவ்வளவு இலேசாக இருந்தாலும், ஃபயர்ஃபாக்ஸில் யூடியூப் ஒரு பக்கமும் கூகள் டாக்ஸ் ஒரு பக்கமும் திறந்துவிட்டால் 2 ஜிபி நொடியில் கரைந்துவிடும். காணொளியையும் பாடக் குறிப்பையும் விண்டோஸிலேயே திறந்து வைத்துக்கொண்டு, லினக்ஸ் சாளரத்தைக் கட்டளைகளுக்கும் நிரல்களுக்கும் மட்டும் ஒதுக்கினால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

எந்த லினக்ஸ் என்று கேட்போர் நிறையப் பேர். புதியவர்களுக்கு உபுண்டுவின் எளிய வடிவமான லுபுண்டுவையோ, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்துடன் டெபியனையோ பரிந்துரைக்கிறேன். இவற்றில் எதைக் கற்றாலும் பிற்காலத்தில் சர்வர்களில் வேலை செய்யும்போது அதே கட்டளைகளும் அதே கோப்பு அமைப்பும் கைகொடுக்கும். எடை குறைவு என்பதையே ஒரே அளவுகோலாகக் கொண்டு தேடினால், இணையம் டைனி கோரையும் பப்பி லினக்ஸையும் காட்டும். இரண்டும் வியக்கத்தக்க படைப்புகள்தாம். டைனி கோர் 20 எம்பி அளவிலேயே ஒரு மேசைத்தளத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால் டைனி கோரில் முறைப்படி சேமிக்காவிட்டால் செய்த மாற்றங்கள் அடுத்த முறை தொடங்கும்போது காணாமல் போய்விடும். பப்பியோ வழக்கமாக ரூட் என்னும் முழு அதிகாரக் கணக்கிலேயே இயங்குகிறது. யாருக்கு எந்தக் கோப்பைத் தொட அனுமதி உண்டு என்பதுதான் லினக்ஸின் பாலபாடம். அந்தப் பாடத்தையே மறைத்துவிடும் ஓர் அமைப்பில் தொடங்குவது மாணவருக்கு நல்லதன்று. சில மாதங்கள் பழகி, மேசைத்தளமே வேண்டாம், கறுப்புத் திரையில் கட்டளைகள் மட்டும் போதும் என்ற துணிவு வந்தவர்களுக்கு ஆல்பைன் லினக்ஸ் இருக்கிறது. மெய்நிகர்க் கணினிகளுக்கென்றே அதன் குழுவினர் வெளியிடும் பதிப்பு 100 எம்பிக்கும் குறைவானது.

பதிவிறக்கும் இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். தேடுபொறியில் மேலே தெரியும் விளம்பர இணைப்பைச் சொடுக்கிவிட்டுப் பிறகு தலையில் கைவைப்போர் நம் ஊரில் குறைவில்லை. அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே, லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை எடுக்க வேண்டும். அதுவும் போதாது என்பதற்கு 2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்ததே சான்று: லினக்ஸ் மின்ட் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை, பின்னர் இரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையை விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஒரே கட்டளையால் கணக்கிட்டு, திட்டத்தினர் வெளியிட்டுள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்தத் தொகையைப் பதிவிறக்கப் பக்கத்தை மட்டும் நம்பாமல், டிஜிட்டல் கையொப்பமிட்டு அவர்கள் தனியே வைத்திருக்கும் கோப்பிலிருந்து எடுப்பது இன்னும் உறுதி. இணையப் பாதுகாப்பு வகுப்பின் முதல் செய்முறைப் பயிற்சியாக இதையே வைக்கலாம் என்பேன்.

நிறுவும்போது வரும் இடையூறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 64 பிட் லினக்ஸே காணப்படாமல் 32 பிட் மட்டும் தென்பட்டால், கணினி பழையது என்று பெற்றோர் முடிவுகட்ட வேண்டாம். சில்லில் உள்ள மெய்நிகராக்க வசதி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் மையச் செயலியைச் சொடுக்கினால், அந்த வசதி இயங்குகிறதா இல்லையா என்பது அங்கேயே எழுதியிருக்கும். இன்னொன்று, லினக்ஸ் சாளரத்தின் அடிப்பட்டையில் சில கணினிகளில் தோன்றும் ஒரு பச்சை ஆமை. அது பழுதின் அறிகுறியன்று. விண்டோஸ் தன் சொந்தப் பாதுகாப்புக்காகவோ வேறு வசதிக்காகவோ ஹைப்பர்-வி என்னும் தன் சொந்த மெய்நிகராக்க அடுக்கை ஏற்கெனவே இயக்கிக்கொண்டிருப்பதால், வர்ச்சுவல்பாக்ஸால் சில்லை நேரடியாக அணுக முடியவில்லை, ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிச் செல்கிறது, அதனால் வேகம் குறையும் என்பதே அதன் பொருள். அந்த ஆமையை விரட்டுவதற்காக விண்டோஸ் 11இன் நினைவகப் பாதுகாப்பை அணைத்துவிடும்படி இணையத்தில் தாராளமாக ஆலோசனை கிடைக்கிறது. குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்தும் கணினியில், ஒரு பயிற்சி சற்று வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எளிய மேசைத்தளமாக இருந்தால், ஆமை இருக்கும்போதும் வேலை ஓடும்; எடை குறைந்ததைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

வர்ச்சுவல்பாக்ஸின் 7ஆம் பதிப்பு முதல், ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டியவுடன் அதுவே எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் நிறுவித் தரும் தானியங்கு முறை முன்வந்து நிற்கிறது. அவசரக்காரருக்கு அது வசதி. கற்பவருக்கு அது வேண்டாம். வட்டைப் பிரிப்பது, நேர மண்டலத்தைத் தேர்வது, பயனர் கணக்கை உருவாக்குவது ஆகியவையே முதல் வகுப்பின் பாடம் என்பதால், தானியங்கு முறையை விலக்கிவிட்டுத் தன் கையாலேயே நிறுவுவதுதான் முறை. தானியங்கு முறையில் விட்டுவிட்டால், ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு பொதுக் கடவுச்சொல்லும் கணினியில் தங்கிவிடக்கூடும். டெபியனை நிறுவும்போது ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கப்படும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால்தான் மாணவரின் சொந்தக் கணக்குக்கு நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் உரிமை தானாகக் கிடைக்கும். இது தெரியாமல் அங்கே எதையோ தட்டச்சிட்டுவிட்டு, மென்பொருள் ஒன்றையும் நிறுவ முடியவில்லையே என்று வந்து நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் சந்திக்கிறேன்.

நிறுவிய பிறகு கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் துணைத் தொகுப்பைச் சேர்த்தால்தான் திரை சாளரத்தின் அளவுக்கு விரியும். விண்டோஸில் நகலெடுத்ததை லினக்ஸில் ஒட்டவும் முடியும். சுட்டி உள்ளே சிக்கிக்கொண்டால் வலது கண்ட்ரோல் விசையை அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஆனால் அண்மையில் வந்த சில மடிக்கணினிகளில் அந்த இடத்தைக் கோபைலட் விசை பிடித்துக்கொண்டிருப்பதால், வர்ச்சுவல்பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் வேறொரு விசையை முன்கூட்டியே தேர்ந்துகொள்வது நல்லது.

தமிழில் தட்டச்சிட விரும்புவோருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் தமிழ் விசைப்பலகை இருந்தாலும் அது லினக்ஸ் சாளரத்துக்குள் வராது. எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே உள்ளே போகிறது. அதற்கு எந்த எழுத்து என்பதை உள்ளே இருக்கும் லினக்ஸ்தான் தீர்மானிக்கிறது. ஆதலால் அங்கேயும் தட்டச்சு முறைகளை இயக்கும் ஐபஸ் தொகுப்பை நிறுவி, தமிழ்99 விசைப்பலகை முறையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மிகச் சிறிய லினக்ஸ் அமைப்புகளில் தமிழ் எழுத்துருவே இராது என்பதால் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரியும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தவுடன் சரியாகிவிடும். கட்டளைகளைத் தட்டும் முனையச் சாளரத்தில் மட்டும் கொம்பும் காலும் இடம்மாறித் தெரிவது இன்னும் தீராத குறை. உரைத் திருத்தியிலும் உலாவியிலும் அந்தக் குறை இல்லை.

தனி மடிக்கணினியைவிட மெய்நிகர்க் கணினி மாணவருக்கு மேலானது என்று நான் கருதுவதற்கு முதன்மைக் காரணம், ஸ்னாப்ஷாட் என்னும் வசதி. நிறுவி முடித்த நிலையை அப்படியே பதிவுசெய்து வைத்துக்கொண்டால், அதன்பின் என்ன நேர்ந்தாலும் சில சொடுக்குகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். என் வகுப்பில் மாணவர்களை வேண்டுமென்றே கணினியைக் கெடுக்கச் சொல்வதுண்டு. கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் அடைவை ஒருவர் அழிப்பார். இன்னொருவர் தன் கணக்கின் உரிமைகளையெல்லாம் பறித்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் நிற்பார். மறுபடி தொடக்கும்போது வரும் பிழைச் செய்தியை நிதானமாகப் படித்து, எது போனதால் எது நின்றது என்று பேசிவிட்டு, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவோம். ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய புதிய மடிக்கணினியில் இதைச் செய்து பார்க்க எந்தத் தந்தை சம்மதிப்பார்? பயந்து பயந்து தொடும் கணினியில் லினக்ஸைக் கற்க இயலாது.

அதே வேளையில், ஸ்னாப்ஷாட் ஒரு காப்புப் பிரதியன்று. அது இருப்பதும் அதே வட்டில்தான். மடிக்கணினி பழுதாகிவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். மதிப்புள்ள வேலையைத் தனியே வெளி வட்டுக்கு ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். வட்டின் கணக்கும் கவனிக்கத்தக்கது. 25 ஜிபி என்று குறித்தாலும், வளரும் வகை வட்டாகத் தேர்ந்தால் தொடக்கத்தில் அது சில ஜிபிகளையே பிடிக்கும். ஆனால் லினக்ஸுக்குள் கோப்புகளை அழிப்பதால் மட்டும் விண்டோஸில் அந்த இடம் திரும்பக் கிடைத்துவிடாது. ஸ்னாப்ஷாட்டுகள் சேரச் சேர அது மேலும் பெருகும். 256 ஜிபி வட்டுள்ள கணினிகளில் ஒன்றிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் பழையவற்றை நீக்கிவிடுவதே நன்று.

இனி, இதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆபத்தான ஒரு யோசனை நம்மவர்களிடையே கைத்தொலைபேசிச் செய்திகளில் சுற்றி வருகிறது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அந்தக் கணினியிலேயே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, வங்கிக் கணக்கை உள்ளே இருக்கும் லினக்ஸில் பார்த்துக்கொண்டால் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பதே அந்த யோசனை. இது அடியோடு தவறு. விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் முதலில் விண்டோஸின் கைக்குப் போய், அதன் பிறகே லினக்ஸுக்குள் செல்கிறது. திரையில் தெரிவதும் விண்டோஸ் வரைந்து காட்டுவதுதான். அடியில் உள்ள விண்டோஸில் வேவு மென்பொருள் புகுந்துவிட்டால், மேலே எத்தனை நல்ல லினக்ஸ் ஓடினாலும் கடவுச்சொல் பறிபோகும். உள்ளே ஓடுவதிலிருந்து வெளியே இருப்பதை ஓரளவு காக்கத்தான் மெய்நிகர்க் கணினிக்குத் தெரியும். வெளியே இருப்பதிலிருந்து உள்ளே ஓடுவதைக் காக்க அதற்கு வழியில்லை.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை என்ன செய்வது என்றால், நினைவகமும் வட்டும் நல்ல நிலையில் இருக்குமானால், விண்டோஸை அகற்றிவிட்டு எடை குறைந்த லினக்ஸை நேரடியாக அதில் நிறுவுவதே சரியான வழி. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகளை மின்கழிவுத் தொட்டியில் போட அவசரப்பட வேண்டியதில்லை. அவ்வாறு மாறுவதற்கு முன் மெய்நிகர்க் கணினியில் ஒத்திகை பார்ப்பது மிகவும் உதவும். ஆனால் அந்த ஒத்திகை ஒன்றை மட்டும் சொல்லாது. உள்ளே ஓடும் லினக்ஸின் கண்ணுக்குத் தெரிவது வர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிக் காட்டும் கற்பனை வலையட்டையே தவிர, மடிக்கணினியின் அசல் வைஃபை அன்று. வைஃபை, ஒலி, புகைப்படக் கருவி ஆகியவை லினக்ஸில் வேலை செய்யுமா என்பதை அறிய, அந்த லினக்ஸின் ‘லைவ்’ வகை ஐஎஸ்ஓ கோப்பை யுஎஸ்பி விரலியில் ஏற்றி, நிறுவாமலே கணினியைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

எல்லா வீடுகளிலும் விண்டோஸ் கணினிதான் இருக்கிறது என்பதில்லை. எம்1 முதலான சில்லுகளைக் கொண்ட மேக் கணினிகளில் மெய்நிகர்க் கணினி அமைக்க யூடிஎம் என்னும் இலவச மென்பொருள் உண்டு. ஆனால் அந்தச் சில்லுகள் சேர்ந்த ஆர்ம் வகைச் சில்லுக்கான ஐஎஸ்ஓவையே எடுக்க வேண்டும். மற்றதை எடுத்தாலும், வேறு வகைச் சில்லைப்போல் நடிக்கும் பாவனை முறையில் ஓடும், பொறுமையைச் சோதிக்கும். டெபியன் ஆர்ம் பதிப்பை வெளியிடுகிறது. குரோம்புக் வைத்திருப்பவர்களுக்கு வேலையே இல்லை. அதன் அமைப்புகளில் லினக்ஸ் சூழலை இயக்கினால், கூகள் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும் மெய்நிகர்க் கணினியில் டெபியன் எழுந்துவிடும். விண்டோஸிலும் டபிள்யூஎஸ்எல் 2 என்ற பெயரில் மைக்ரோசாஃப்டே இப்படியொன்றைத் தருகிறது. நிரல் மட்டும் எழுதப்போகிறவருக்கு அதுவே போதும். கணினி எப்படித் தொடங்குகிறது, வட்டு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று அறிய விரும்புபவருக்கு அது போதாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்வி அமைச்சின் திட்டத்தின்கீழ் வைத்திருக்கும் கற்றல் சாதனங்களில் நிர்வாக மென்பொருள் இருப்பதால், அவற்றில் இதையெல்லாம் செய்யும் முன் பள்ளியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலக மடிக்கணினியில் நிறுவனத்தின் அனுமதியின்றி வேண்டவே வேண்டாம். வர்ச்சுவல்பாக்ஸ் இலவசமென்றாலும் அதனுடன் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் என்னும் தனித் தொகுப்புக்கு நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். இது தெரியாமல் ஊழியர் ஒருவர் நிறுவப்போய் நிறுவனத்துக்குக் கட்டணச் சீட்டு வரக்கூடும்.

வகுப்பு நடத்துவோரிடமும் நம் அமைப்புகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தில் சிங்கப்பூருக்கு முன்வரிசையில் இடம் இருந்தது. 1997ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் இங்கேதான் கூடியது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு 2000ஆம் ஆண்டில் உருவானதும் இங்கேதான். இன்று நம் பிள்ளைகள் கணினிப் பாடத்தை ஆங்கிலத்தில் கற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதை வாங்குவது, எதை வாங்க வேண்டியதில்லை என்று முடிவு செய்யும் பெற்றோர், தாத்தா பாட்டி ஆகியோரில் பலருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் பேருதவியாக இருக்கும். சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் தமிழ் அமைப்புகளும் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கி, அவரவர் வீட்டு மடிக்கணினியையே கொண்டுவரச் சொல்லி, அதிலேயே மெய்நிகர்க் கணினியை அமைத்துக் கொடுக்கலாம். ஐஎஸ்ஓ கோப்பைச் சரிபார்த்து யுஎஸ்பி விரலிகளில் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பயிற்சி நிலையங்களோ, தங்கள் பாடத்துக்கு உண்மையில் தேவைப்படும் நினைவகம் எவ்வளவு, எந்த லினக்ஸைக் கொண்டு அந்த அளவைக் கணக்கிட்டார்கள், எளிய மேசைத்தளத்தில் அதே பாடத்தை நடத்த இயலுமா என்ற மூன்று விவரங்களையும் கட்டணத்தைக் குறிப்பிடும் இடத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்சித் தொண்டூழியர் ஒருவர்,
ஈசூன்